கலங்களுக்குச் சம்பந்தம் பேசியவர்

திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை மூட்டையிலிருந்து கிரேன் கொழுக்கிவரை எல்லாம் இறங்கியிருக்கிறது. வாங்கியவர்கள் விலை கேட்டார்கள், நிறை கேட்டார்கள், கப்பல் எப்போது வரும் என்று கேட்டார்கள். "நல்ல குடும்பத்துச் சாமானோ?" என்று கேட்டு வாங்கியவர் இந்தத் துறைமுகத்தின் சரித்திரத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆய்வுகூடத்தின் கொள்வனவு அலுவலர். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எங்களுக்கு அவர் சம்பந்தி.

காரணம் எளிது. எங்களுக்குச் சாமான் அனுப்பும் எல்லாரும் அவருக்குச் சம்பந்திகள். "ஜேர்மன் சம்பந்தி பதில் போட்டிட்டார்" என்பார். "சிங்கப்பூர்ச் சம்பந்தி விலையைக் கூட்டிப்போட்டார், உறவெண்டும் பாக்கேல்ல" என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். கடைசியில் அந்தப் பட்டம் அவரிடமே திரும்பி வந்துவிட்டது.

ஆய்வுகூடம் என்றவுடன் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். உள்துறைமுகப் பக்கத்தில் ஒரு பழைய சரக்கறை. உள்ளே ஒரு டொக்டர், நான், சம்பந்தி, திரவ நைதரசன் தாங்கி ஒன்று, மழைக்கு ஒழுகும் கூரை. வெளியே, வருகிற பார்சல்களின் முகவரிச் சீட்டைத் தின்னும் மான்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாங்கள் எலிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனைப் பட்டி செய்ய முயன்றுகொண்டிருந்தோம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் இறங்குகிறவர்களுக்கு வரும் காய்ச்சல் அது. கிளிவெட்டிப் பக்கத்து வயல்காரர்கள் சும்மா காய்ச்சல் என்று குளிசை போட்டுக்கொண்டு திரும்பவும் வயலுக்குப் போவார்கள். காய்ச்சலின் பெயர் தெரியவரும்போது சிறுநீரகம் பழுதாகியிருக்கும். ஒரு சொட்டு இரத்தத்தை விட்டால் அங்கேயே, அப்போதே கோடு விழுந்து சொல்லிவிட வேண்டும். அதுதான் டொக்டரின் கனவு.

அந்தக் கோடு விழுவதற்கு, அந்தக் கிருமியை மட்டும் அடையாளம் காணும் பிறபொருளெதிரி வேண்டும். நாங்கள் பேச்சில் அன்ரிபொடி என்போம். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்று சம்பந்திக்கு விளக்கியவள் நான்தான். அதன் விளைவு என்னவாகும் என்று அப்போது தெரியாது.

"அண்ணை, சுண்டெலியின்ர உடம்பில அன்ரிபொடி செய்யிற கலம், அதுதான் செல், இருக்கு. நல்ல கெட்டிக்காரக் கலம். ஆனா வெளியில எடுத்தா கொஞ்ச நாளில செத்துப்போகும்."

"ஐயோ பாவம்."

"இன்னொண்டு புற்றுநோய்க் கலம். ஒரு வேலையும் தெரியாது. ஆனா சாகவே சாகாது."

"எங்கட மச்சானைப் போல."

"ரெண்டையும் சேர்த்து ஒண்டாக்கினா வாறதுதான் ஹைபிரிடோமா. அது சாகாது. ஒரே அன்ரிபொடியை விடாமல் செய்துகொண்டே இருக்கும்."

சம்பந்தி தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "பிள்ளை, இதைத்தானே எங்கட சனம் காலங்காலமாச் செய்யுது! ஒரு பக்கம் படிப்பு, மற்றப் பக்கம் காணி."

அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் கொள்வனவு என்பது ஒழிந்தது. பெண் எடுப்பது தொடங்கியது.

பெண் எடுப்பதென்றால் விசாரிக்க வேண்டும். விற்பவரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்பது அவருடைய கட்சி. "தங்கட பிள்ளையைக் கூடாதெண்டு ஆரும் சொல்லுவினமே? அயலட்டையைக் கேக்க வேணும்." அயலட்டை என்பது, அந்தக் கலத்தையோ அன்ரிபொடியையோ முன்பு பாவித்த மற்ற ஆய்வுகூடங்கள். ஆய்வுக் கட்டுரைகளின் அடியில் இருக்கும் பெயர்களைப் பிடித்து, கண்டம் விட்டுக் கண்டம் தொலைபேசி எடுப்பார். முன்பு கப்பல் முகவர் கந்தோரில் வேலை பார்த்தவர் என்பதால் எந்த நாட்டுக்காரரோடும் கூச்சமில்லாமல் கதைப்பார். அவருடைய கேள்விகளை நான் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருக்கிறேன். பிறந்த வீடு எது? ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? இடையில் வேலையை விட்டுவிடுகிற பழக்கம் உண்டா? கூடாத கூட்டு ஏதும் இருக்கிறதா?

நான்காவது கேள்வி விசர்க் கேள்வி அல்ல. கலங்களோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு நுண்ணிய கிருமி உண்டு. கண்ணுக்குத் தெரியாது. ஒரு குடுவைக்குள் வந்தால் எல்லாக் குடுவைக்கும் போய்விடும். ஆனால் அதை ஆங்கிலத்தில் "இவளுக்குக் கெட்ட சிநேகிதர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டால், அந்தப் பக்கத்திலிருக்கும் பேராசிரியர் என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் தொலைபேசியை வைத்தார்கள்.

வைக்காதவர்களில் ஒருவர் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிற்காவலர். எங்களுக்குப் பட்டப்பகல், அங்கே எல்லாரும் வீட்டுக்குப் போன நேரம். சம்பந்தி அவரோடு மனம்விட்டுக் கதைத்தார். கலத்தைப் பற்றி அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. தன்னுடைய முழங்கால் வலியைப் பற்றித் தெரிந்திருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுச் சம்பந்தி முடிவைச் சொன்னார்: "நல்ல இடம். மூண்டாம் மாடியில எந்த நேரமும் லைற் எரியுதாம். உழைப்பாளிக் குடும்பம்."

"அண்ணை, லைற்றை நிப்பாட்ட மறந்திருப்பினம்."

"பிள்ளை, வாசலில நிக்கிறவனுக்குத் தெரியாத வீட்டு விசயம் உண்டோ?"

இதெல்லாம் வேடிக்கைதான், வேலை நடக்கும்வரை. ஒரு தடவை நல்லதொரு அன்ரிபொடியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். காரணம், அந்தக் கொம்பனி அவரைத் தொலைபேசியில் காக்கவைத்து ஒரு சங்கீதம் போட்டதாம். "செத்த வீட்டு மியூசிக், டொக்டர். எனக்குச் சரியாப் படேல்ல." டொக்டர் மேசையில் தட்டினார்.

"நீங்கள் வாங்கிறது அன்ரிபொடி. மருமகள் இல்லை!"

"ரெண்டும் வீட்டுக்குள்ள வந்தாப் பிறகுதானே டொக்டர் குணம் தெரியும்."

டொக்டர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவருக்கு மூன்று மருமகள்கள்.

கருவாட்டு விவகாரம் இதற்குப் பிறகு. குளிர்நாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து எங்களுக்குக் கொஞ்சம் அன்ரிபொடி வந்தது. குளிர் போகாமல் காக்கும் தடித்த ரெஜிபோம் பெட்டி, உள்ளே வழிநெடுக வெப்பநிலையைப் பதிந்துகொண்டு வரும் சின்னக் கருவி. பெட்டியையும் கருவியையும் திருப்பி அனுப்பும்படி ஒரு சீட்டு. முகவரியை நான் எழுதினேன். பெட்டியைக் கட்டியவர் சம்பந்தி.

எங்கள் ஊரில் அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கறி வந்தால், அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். சம்பந்தி இந்த விதியைக் கடல் கடந்தும் செல்லுபடியாக்கினார். இலங்கைத்துறையிலிருந்து நேரே எடுப்பித்த பாரைக் கருவாட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார். என்ன இது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. "குடுக்கிறதை எழுதிக் குடுக்கிறது கடைக்காரன்ர வேலை."

உயிரியல் மாதிரிகள் வந்திறங்கும் ஒரு கட்டடத்தில், கலம் அனுப்பும் பெட்டிக்குள், பெயர் எழுதாத, காய்ந்த, வாசம் வீசுகிற தசை இழையம் ஒன்று இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரு மாடியையே மூடினார்கள். விண்வெளிக்குப் போகிறவர்களைப்போல உடுத்திக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தார்கள். நீளம் தெரியப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து, அந்த ஆய்வுகூடத்தின் தலைவி எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். டொக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"அண்ணை, இது என்ன?"

சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "பாரை, டொக்டர். முதல்தரம். படத்தில நிறம் கொஞ்சம் மங்கிப்போச்சு."

அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுத டொக்டருக்கு எடுத்த நேரத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கலாம்.

அடுத்த மாரியில் நாங்கள் சிரிப்பதை நிறுத்தினோம். எங்களிடம் சொந்தமாக ஒரு ஹைபிரிடோமா இருந்தது. டொக்டர் வருடக்கணக்காகப் பாடுபட்டு உண்டாக்கியது. விலைக்கு வாங்கியதெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். எங்கள் வயல்களில் இருக்கும் கிருமி வகையை அது அச்சொட்டாகக் கண்டுபிடிக்கும். அதன் சிறு குப்பிகள் எல்லாமே எங்கள் ஒரே தாங்கிக்குள் திரவ நைதரசனில் உறைந்து கிடந்தன. நைதரசன் தன்பாட்டில் ஆவியாகிக் குறையும், நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மலைநாட்டு ஆய்வுகூடம் ஒன்று, "ஒரு பங்கை எங்களிடம் வையுங்கள், பாதுகாப்பாக இருக்கும்" என்று கேட்டிருந்தது. டொக்டர் மறுத்துவிட்டார். "அங்க ஒண்டு இருந்தா எங்களிட்ட ஆர் வருவினம்?"

பிறகு வெள்ளம் வந்தது. கந்தளாய்ப் பக்கம் வீதி நீருக்குள் போக, நைதரசன் கொண்டுவரும் லொறி வழியில் நின்றுவிட்டது. சம்பந்தி உழவு இயந்திரம் பிடிக்கலாமா, வள்ளம் பிடிக்கலாமா என்று அலைந்தார். ஒன்றும் சரிவரவில்லை. எங்கள் தாங்கியைத் திறந்தால் வெண்புகை பொங்கி வழியும். அன்று டொக்டர் திறந்தபோது ஒன்றும் எழும்பவில்லை. அவர் மூடியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

பணம் தரும் அமைப்பு மரியாதையாகத்தான் எழுதியது. அடுத்த பெரும்போக நெல் விதைப்புக்குள் பட்டி தயாராகாவிட்டால் இந்த ஆய்வை மூட வேண்டிவரும். புதிதாக ஒரு ஹைபிரிடோமாவை உண்டாக்க அவ்வளவு காலம் போதாது. அதே கிருமி வகைக்கு ஹைபிரிடோமா வைத்திருக்கும் வேறொருவரிடம் கேட்க வேண்டும். தேடினோம். அப்படி ஒருவர்தான் இருந்தார். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அடிமட்டம் வைத்துக் கருவாட்டைப் படம் எடுத்த அம்மையார்.

அம்மையார் உடனே மறுக்கவில்லை. உங்கள் ஆய்வுகூடத்தைப் பார்க்க வேண்டும், உங்கள் ஆட்களோடு கதைக்க வேண்டும், காணொளியில் வருகிறேன் என்று எழுதினார். டொக்டரும் நானும் ஒழுகும் கூரையை நிமிர்ந்து பார்த்தோம். சம்பந்தி ஒருவர்தான் பூரித்துப்போனார்.

"இதுதான் பிள்ளை முறையான சம்பந்தம். அவை எங்களை விசாரிக்கினம்!"

சுவருக்கு வெள்ளை அடிப்பித்தார். வாசலில் நின்ற மான்களைக் கலைத்தார். காணொளி நாளன்று பட்டு வேட்டியோடு வந்து நின்றார். டொக்டர் தலையில் கை வைத்தார்.

"வீடியோவில உங்கட இடுப்புக்குக் கீழ ஆரும் பாக்கப்போறேல்ல. மேலயும் பாக்கக்கூடாது. நீங்கள் கமராவுக்குள்ள வரவே கூடாது, விளங்குதே?"

"ஓம் டொக்டர். பெண் பாக்கிற இடத்தில ஆம்பிளையள் பேசாமல் இருக்கிறதுதான் வழக்கம்."

அவரைக் கமராவுக்கு வெளியே பிடித்து வைப்பது என் பொறுப்பு. முதற் பகுதி நன்றாகவே போனது. டொக்டர் கருவிகளைக் காட்டினார். நான் எங்கள் வேலை ஒழுங்கை விளக்கினேன். பிறகு அம்மையார் கேட்டார்: "நைதரசனுக்கு யார் பொறுப்பு? அவரோடு நான் கதைக்கலாமா?"

வேறு வழியில்லை. பட்டு வேட்டி திரைக்குள் வந்தது.

"உங்களிடம் சொந்தமாக ஒரு ஹைபிரிடோமா இருந்ததே. அதற்கு என்ன நடந்தது?"

இந்தக் கேள்விக்கு டொக்டர் பதில் தயாராக வைத்திருந்தார்: தொழில்நுட்பக் காரணங்கள். சம்பந்தி டொக்டரைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "ஒளிச்சுக் கட்டிக்குடுத்தா பிறகு வழக்குத்தான் டொக்டர்." பிறகு அம்மையார் பக்கம் திரும்பித் தன்னுடைய கப்பல் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளம் வந்தது, லொறி வரவில்லை, தாங்கி வற்றியது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தோம். வேறிடத்தில் ஒரு பங்கு வைக்கச் சொன்னார்கள், வைக்கவில்லை. "பயம், மடத்தனம். எங்களிடம் இருப்பது இன்னொருவரிடமும் இருந்தால் எங்களை ஒருவரும் தேட மாட்டார்கள் என்ற பயம். கடைசியில் ஒருவரிடமும் இல்லாமல் போயிற்று."

டொக்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கணினியை அணைத்துவிடலாமா என்று யோசித்தேன்.

அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "அந்த மீனை அனுப்பியவரும் நீங்கள்தானா?" என்றார்.

சம்பந்தியின் முகம் மலர்ந்தது. "ஓம்! சாப்பிட்டுப் பாத்தீங்களோ?"

சந்தோசத்தில் அவருக்கு ஆங்கிலம் மறந்துபோயிற்று, நான் மொழிபெயர்த்தேன்.

"எரித்துவிட்டோம்."

சம்பந்தி நெஞ்சில் கை வைத்தார். "எரிச்சுப்போட்டினமாம் பிள்ளை! பாரையை!"

"என்ன சொல்கிறார்?" என்று அம்மையார் என்னிடம் கேட்டார்.

"வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பொரித்திருக்கலாம் என்கிறார்" என்றேன். சாராம்சம் அதுதான்.

அந்தக் கணத்தில் எங்கள் இணையம் நின்றது. அம்மையாரின் முகம் வாய் பாதி திறந்தபடி திரையில் உறைந்து, பிறகு மறைந்தது. அன்று பின்னேரம் முழுவதும் அந்த முகத்தைப் பற்றித்தான் வழக்கு.

"சிரிக்கிறா, டொக்டர்."

"பல்லைக் கடிக்கிறா."

"கண்ணைச் சுருக்கினவா, நீங்கள் கவனிக்கேல்ல."

"கவனிச்சனான். எங்கட கலத்துக்குக் கொள்ளி வைச்சிட்டீங்கள் எண்டும் கவனிச்சனான்."

டொக்டர் அதன்பின் அவரோடு கதைக்கவில்லை. சாமான் தேவையென்றால் என்னிடம் சொல்வார், நான் பக்கத்து மேசைக்குச் சொல்வேன். சம்பந்தியும் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. ஆய்வுகூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. வேலை ஓடவில்லை.

பதில் வந்தபோது டொக்டர்தான் அதைச் சத்தமாக வாசித்தார். ஹைபிரிடோமாவைத் தருகிறார்கள். ஆய்வுகூடங்களை விசாரித்தால் எல்லாரும் தங்கள் வெற்றிகளைத்தான் சொல்வார்கள், தாங்கி வற்றிய கதையைச் சொன்ன முதல் ஆட்கள் நீங்கள் என்று எழுதியிருந்தார் அம்மையார். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கலங்கள் வளர்ந்ததும் ஒரு பங்கை வேறு ஊரில் ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். இரண்டு, பெட்டி திரும்பி வரும்போது உள்ளே எதுவும் இருக்கக்கூடாது.

சம்பந்தி யோசித்தார். "முதலாவது சரி. ரெண்டாவது ஏலாது."

டொக்டர் அவரைப் பார்த்தார். அத்தனை நாளைக்குப் பிறகு நேரே பார்த்துப் பேசினார். "அண்ணை, இந்தமுறை பெட்டியை நான் கட்டுறன். நீங்கள் ஒரு நாள் லீவு எடுங்கோ."

அப்படியேதான் நடந்தது. கலங்கள் வந்தன. ஆரம்பத்தில் சோர்ந்து கிடந்தன, பிறகு பெருகின. அன்ரிபொடி ஒழுங்காக வந்தது. வெறும் பெட்டி திரும்பிப் போன நாளில் கூரியர்காரர் வந்து எடுக்கும்வரை டொக்டர் அதன் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். லீவில் இருந்த சம்பந்தி எதிர்ப் பக்கத்து வீதியில் நின்று பார்த்தார். நான் யன்னலால் கண்டேன். கையில் ஒரு பொட்டலம்கூட இருந்தது.

மலைநாட்டுக்குப் போக வேண்டிய பங்கை அவரே வாடகை வான் பிடித்துக் கொண்டுபோனார். சின்னத் தாங்கியை ஆசனத்தில் வைத்து, அதற்கு ஆசனப் பட்டியும் கட்டி, பக்கத்தில் தான் இருந்துகொண்டார்.

விதைப்புத் தொடங்கியபோது எங்கள் பட்டி கிளிவெட்டிப் பக்கம் போய்விட்டது. முதலாவதாகக் கோடு விழுந்த வயல்காரரை அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுகமாகி நடந்து வந்தார். வந்த கையோடு ஆஸ்பத்திரிச் சோற்றைப் பற்றி முறைப்பாடும் சொன்னார். இதைக் கேட்டு டொக்டர் தேநீர் போடும் குசினிக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சிவந்த கண்களோடு வந்தார்.

பிறகு மழை பிடித்தது. கந்தளாய் வீதியில் திரும்பவும் வெள்ளம் என்று வானொலி சொன்னது. எங்கள் தாங்கியில் மட்டம் குறைந்துகொண்டு வந்தது. அந்த வாரத்தில்தான் மலைநாட்டிலிருந்து முறைப்பாடு வந்தது. உங்கள் ஆள் தினமும் தொலைபேசி எடுக்கிறார், கலங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறார், என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை என்று.

டொக்டர் என்னைக் கூப்பிட்டார். "நீ போய் விளங்கப்படுத்து. நைதரசனுக்குள்ள இருக்கிறதுக்கு நேற்றும் இல்லை, இண்டைக்கும் இல்லை எண்டு சொல்லு. நான் சொன்னாச் சண்டையாப்போகும்."

சொல்ல வேண்டியவற்றை நான் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, அந்தக் குளிரில் கலத்துக்குள் எதுவுமே நடப்பதில்லை. இரண்டு, ஆகவே அதற்குச் சுகமும் இல்லை, சுகயீனமும் இல்லை. மூன்று, அங்கே இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது.

அவர் மேசையில் இல்லை. துறைமுகத்தைப் பார்த்த யன்னலருகே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கதைத்துக்கொண்டிருந்தார். வெளியே மழையில் கப்பல்கள் தெரியவில்லை.

"ஓம்... ஓம்... மூடி இறுக்கமோ? அங்கயும் மழையோ? கரண்ட் நிக்கேல்லையே? சரி சரி, நாளைக்கு எடுக்கிறன். உங்களுக்குப் புண்ணியம்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பி என்னைக் கண்டார். நான் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். மூன்றும் வரிசையாக நினைவில் இருந்தன.

"என்னவாம், அண்ணை?" என்று கேட்டேன்.

"சுகமாம்" என்றார்.